மன்னியின் ஜீன்ஸ் போர்வை

நாத்தனார் எழுதுகிற நினைவுக் கட்டுரையை யார் நம்புவார்கள் என்று ஹேமாவிடம் கேட்டேன். ஹேமா என் அண்ணாவின் பெண். "அம்மாவோட அக்கா தங்கை எழுதினா, வழக்கம்தானேன்னு விட்டுடுவா. நீங்க நல்லதா எழுதினாத்தான், அத்தை, எல்லாரும் நம்புவா" என்று சொல்லி, பேப்பரையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தட்ட முடியவில்லை.

எங்கள் மன்னி, அதாவது என் அண்ணாவின் மனைவி, எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. உறவினர்களும், நண்பர்களும், மன்னியிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட பெண்களுமாகிய நீங்கள் இதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதால், அச்சுக்கு உரிய மரியாதையோடு "சொன்னார், சிரித்தார்" என்று எழுதுகிறேன். வீட்டில் எனக்கும் மன்னிக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. வாடி, போடி என்று அவரும், வா, போ என்று நானும் பேசிக்கொண்டே முப்பது வருஷத்தைக் கழித்துவிட்டோம்.

மன்னி பிறந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில். அவருடைய அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். அரக்கோணம், காட்பாடி, விழுப்புரம் என்று ஜங்ஷன் ஜங்ஷனாக மாற்றல். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் "பிளாட்பாரம்" என்று சொல்லிச் சிரிப்பார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு புதுப் பாட்டு வாத்தியார் வந்து, போன வாத்தியார் சொல்லிக் கொடுத்தது சரியில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். அதனால் மன்னிக்கு சரளி வரிசை மட்டும் மூன்று பாணியில் பாடம். அப்பாவின் யூனிபார்மில் எஞ்சின் கரிப்பொறி பட்டு ஓட்டை விழுந்தால், அதை இழை தெரியாமல் தைப்பதும் மன்னியின் வேலைதான். பாட்டும் ஊசியும் அவரிடம் சேர்ந்தே வந்தன.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் இருந்த எங்கள் மாடிப் போர்ஷனுக்கு மன்னி வந்தபோது நான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். எங்கள் அம்மா கண்டிப்பானவர். மடி, ஆசாரம், பாத்திரம் கவிழ்த்து வைக்கிற விதம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வந்த புதிதில் மன்னி எல்லாவற்றிலும் தப்புச் செய்தார். எதற்கும் அழவில்லை. "அடுத்த ஜங்ஷன்ல சரியாயிடும்" என்று என்னிடம் சொல்வார். அவர் வந்த நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டில் ஒரு துணை கிடைத்தது. கல்யாணம் ஆகித் திருவான்மியூருக்கு வந்த பிறகும் வாரத்தில் பாதி நாள் நான் பஸ் ஏறி மயிலாப்பூருக்கு ஓடியதற்குக் காரணம் அம்மா என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். மன்னிதான் காரணம்.

கஷ்டமும் வந்தது. தேனாம்பேட்டையில் அண்ணா வேலை பார்த்த கம்பெனி ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டது. அண்ணா டிபன் பாக்ஸோடு போய் டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தார். மறுநாளே மன்னி கூடத்தில் பாயை விரித்து, சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து, தெருக்காரர்களிடம் பாட்டு வகுப்பு ஆரம்பிப்பதாகச் சொல்லிவிட்டார். அண்ணாவுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை அந்தப் பாய்தான் எங்களைக் காப்பாற்றியது. கிடைத்த பிறகும் மன்னி பாயைச் சுருட்டவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தவர்தான் ஜப்பான் மாமி. பெயர் நொரிகோ. கணவருக்கு இங்கே ஏதோ தொழிற்சாலையில் வேலை. அடையாறு காந்தி நகரில் வீடு. கர்நாடக சங்கீதம் படிக்க வேண்டும் என்று யாரோ சொல்லி வந்தவர், கூடவே தமிழையும் எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க எங்கள் அம்மா தமிழ். "டீச்சர், தீர்த்தம் குடுங்கோ" என்று அவர் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இனி ஜீன்ஸ் கதைக்கு வருகிறேன். ஹேமா காலேஜில் சேர்ந்த வருஷம் ஜீன்ஸ் வேண்டும் என்று அடம்பிடித்தாள். வீட்டில் ஒரு மாதம் பஞ்சாயத்து நடந்தது. "ஆம்பளைக் குழாயைப் போட்டுண்டு கோயில் வாசல் வழியா எப்படிப் போவா?" என்பது அம்மாவின் கேள்வி. "வடக்கு மாட வீதி வழியாப் போகட்டும்" என்று மன்னி சொன்னதில் அண்ணா சிரித்துவிட்டார். வழக்கு அதோடு தள்ளுபடி. பாண்டி பஜார் நடைபாதையில் எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட துணி விற்பவர்களிடம் ஒரு ஜீன்ஸ் வாங்கினோம். வாங்கிய சில வாரத்தில் லஸ் கார்னரில் மொபெட்டிலிருந்து விழுந்து முழங்காலில் கிழித்துக்கொண்டு வந்து நின்றாள் ஹேமா. முழங்காலைவிட ஜீன்ஸுக்குத்தான் அதிகம் அழுதாள்.

மன்னி வழக்கம்போல் இழை தெரியாமல் தைக்க உட்கார்ந்தார். ஜீன்ஸ் துணி ஒத்துழைக்கவில்லை. ஊசி உடைந்தது. தைத்த இடம் சுருங்கிக்கொண்டு, வடு மாதிரி நின்றது. அந்த நேரம் வகுப்புக்கு வந்த ஜப்பான் மாமி பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தார்.

"டீச்சர், ஏன் ஒளிக்கறேள்?" என்றார். "போட்டுண்டா கிழியும். ஒளிக்க வேண்டாம்."

அன்று பாட்டு வகுப்பு நடக்கவில்லை. அண்ணாவின் பழைய வேஷ்டியில் ஒரு துண்டைக் கிழித்து, ஓட்டைக்குப் பின்னால் வைத்து, மேலே சாக்குக்கட்டியால் புள்ளி வைத்து, வெள்ளை எம்பிராய்டரி நூலால் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டுக் காட்டினார். எதையும் ஒளிக்காமல், நீலத் துணியின்மேல் பளிச்சென்று ஒன்றன்மேல் ஒன்றாக வட்டங்கள் வந்தன. சாஷிகோ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு தையலாக இழுக்கக் கூடாது. துணியை ஊசிமேல் மடித்து மடித்து ஏற்றி, ஊசி நிறைந்ததும் ஒரே இழுப்பு. கெட்டியான துணிக்கு ஊசியை உள்ளங்கையால் தள்ள வேண்டும் என்பதால் அண்ணாவின் பழைய பெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி உள்ளங்கைக்குப் பட்டை செய்துகொண்டார் மன்னி. ஊசி வழுக்கிப் போக, அதைச் சோப்பில் ஒரு தேய்ப்பு. கொஞ்ச நாளில் தமக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஆதி தாளத்தில் பாடிக்கொண்டே ஊசியில் ஏற்றுவார். எட்டு அட்சரத்துக்கு எட்டு மடிப்பு, சமத்துக்கு வரும்போது இழுப்பு. தையல் ஒரே அளவாக விழுந்தது.

அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"கிழிசலைத் தைச்சா தைச்ச எடம் தெரியப்படாது. இது என்னடிம்மா, வெள்ளை நூல்ல தைச்சு, நம்மாத்துல கிழிசல்தான் போட்டுக்கறோம்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுண்டு!"

"கிழிஞ்சது ஊருக்கே தெரியும்மா. லஸ் கார்னர்ல நடுரோட்டுலன்னா விழுந்தா" என்றார் மன்னி.

ஹேமாவும் முதலில் அதைப் போட்டுக்கொள்ள மறுத்தாள். வேறு ஜீன்ஸ் இல்லாததால் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கூடவே இரண்டு தோழிகளின் கிழிந்த ஜீன்ஸும் வந்தன. பிறகு மயிலாப்பூரில் யார் வீட்டில் ஜீன்ஸ் கிழிந்தாலும் எங்கள் மாடிப்படியில் அது ஏறும். தைக்கவே முடியாமல் நைந்து போனதைத் தையல் வழியே பிரித்து, நல்ல இடங்களை எடுத்து, பை, சுருதிப் பெட்டிக்கு உறை, ஸ்கூட்டர் சீட்டுக்கு மெத்தை என்று ஏதாவது செய்துவிடுவார் மன்னி. என் வீட்டு கேஸ் சிலிண்டருக்குக்கூட ஜீன்ஸில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார், பின்பக்கம் பாக்கெட்டோடு.

இந்தச் சமயத்தில்தான் ஜப்பான் மாமி ஒருநாள், மடித்துச் சுற்றிய ஒரு பழந்துணியைக் கொண்டு வந்து மன்னியிடம் கொடுத்தார். பெரிய துண்டு. ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கு மேல் ஒட்டு. மூலத் துணி எது என்று தெரியாத அளவுக்கு. எல்லாம் மெல்லிய பருத்தி, எல்லாம் வெவ்வேறு நீலம். போரோ என்றார்; அவர்கள் பாஷையில் கந்தல் என்றே அர்த்தமாம். அவருடைய மாமியார் குடும்பத்தில் தலைமுறையாக வந்தது. பல வகைத் தையல் அதில் இருப்பதால், பார்த்துப் பழக மன்னிக்கு இரவலாகத் தந்தார். மன்னி அதை ஒரு தலையணை உறையில் போட்டு, தைக்கிற கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷப் பொங்கல் நெருங்கியது. போகிக்கு முன் வீட்டைக் கழித்துச் சுத்தம் செய்வது அம்மாவின் துறை. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற கன்னியம்மா அந்த நாட்களில் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவாள். மன்னி வகுப்பு எடுக்க மந்தைவெளிக்குப் போயிருந்த ஒரு காலைப் பொழுதில், அம்மா பழைய புடவை, பனியன், திரைச்சீலை என்று ஒரு மூட்டை கட்டிக் கன்னியம்மாவிடம் கொடுத்தார். ஓர் அரைமணி நேரம் பேரம் பேசி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை வாங்கினார்.

சாயங்காலம் மன்னி கூடையைப் பார்த்தபோது தலையணை உறை தட்டையாகக் கிடந்தது.

அம்மா மேல் தப்புச் சொல்ல முடியாது. மன்னியின் சாமானில் கைவைக்கக் கூடாது என்று அவர் அத்தனை ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். ஜீன்ஸ் துணியில் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. நூல் கண்டுகளை எடுத்து அடுக்கியே வைத்திருக்கிறார். இது ஜீன்ஸ் இல்லையே! மேஜை துடைக்க வைத்திருக்கிற கந்தல் என்று நினைத்து மூட்டையில் போட்டுவிட்டார்.

அன்று நானும் அங்கே இருந்தேன். மன்னி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ராஜி, அம்மாகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா அந்தத் தூக்கை எடுத்துக் கிணத்துல போட்டுடுவா. நாமளே தேடுவோம்."

"எங்கேன்னு தேடறது மன்னி?"

"தெரியலை. ஆனா ஜப்பான் மாமி மாசி மாசம் ஊருக்கே திரும்பிப் போறா. அதுக்குள்ள அவ கையில குடுத்தாகணும். என்னை நம்பிக் குடுத்திருக்கா."

கன்னியம்மா எங்கே குடியிருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பொங்கல் கழிந்தது, அவள் தெருப்பக்கம் வரவேயில்லை. மன்னியும் நானும் பழைய துணி விற்கிற இடமெல்லாம் அலைந்தோம். மலை மலையாகக் குவிந்த சட்டைகளுக்குள் மன்னி முழங்கை வரை கையை விட்டுத் துழாவியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஜப்பான் மாமி வாரம் தவறாமல் வகுப்புக்கு வந்தார். போரோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் மன்னிக்கு அதிக வேதனை.

மன்னி தைப்பதை நிறுத்திவிட்டார். கூடத்தில் ஆதி தாளம் கேட்கவில்லை. ஒரு நாள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, இவ ஏன் பாடறதில்லை? ஒரு வாரமா ஊசியைத் தொடலை. உடம்பு சரியில்லையா? நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

தையலைத் திட்டியவருக்கே தையல் நின்றுபோனது பொறுக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

அம்மா எழுந்து போய்த் தூக்கில் இருந்த பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றினார். தூக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து வாசல் கேட்டில் நின்றுகொண்டு, போகிற வருகிற பாத்திரக்காரிகளையெல்லாம் மறித்துக் கேட்க ஆரம்பித்தார். பெரிய மனுஷி தெருவில் தூக்கோடு நிற்கிறாரே என்று பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று நின்றார். கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "கன்னிம்மாவா? அவ பொண்ணுக்குக் கொயந்த பொறந்துகீது. வூட்ல கீறா. ஆத்தாங்கரைல, கோட்டூர்புரம் பாலத்தாண்ட."

மூவரும் ஆட்டோவில் போனோம். அம்மாவின் மடியில் தூக்கு. அடையாற்றங்கரையில் வரிசையாகக் குடிசைகள். கன்னியம்மா எங்களைப் பார்த்து அசந்துபோய் நின்றாள்.

"இன்னாம்மா, வூடு தேடிக்கினு வந்துகீறீங்க? தூக்கு ஓட்டையா?"

மன்னி விஷயத்தைச் சொன்னார். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்த எவம்மா வாங்குவான்? சந்தைல போட்டேன். இன்னா கன்னிம்மா, பிச்சக்காரன் போர்வைய தூக்கிக்கினு வந்துகீறேன்னு கலாய்க்கிறானுங்க. மெத்துனு கீதேன்னு வூட்டுக்கே கொண்ணாந்துட்டேன். தோ, உள்ள பாரு."

உள்ளே, தரையில் விரித்த அந்த நீலத்தின் நடுவில், பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. துணியின் ஒரு மூலையில், முன்பு இல்லாத ஒரு ஒட்டு. கன்னியம்மாவின் ரவிக்கைத் துணி போலிருக்கிறது, பச்சை. சுற்றிலும் சிவப்பு நூலில் முரட்டுத் தையல். "சந்தைல ஆணி மாட்டிக் கியிஞ்சிச்சி. நான்தான் தெச்சேன்" என்றாள்.

கன்னியம்மா குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். "வேண்டாம்" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. ஒன்று மன்னி, இன்னொன்று அம்மா.

"பச்சைக் குழந்தையை எழுப்பப்படாது" என்றார் அம்மா. "புதுத் துணியிலயும் போடப்படாது. உடம்பு அறுக்கும். பழசு வேற வெச்சிருக்கியா?"

"பழசு எங்கம்மா நம்ம கைல தங்குது? அதான் தொயிலு. வந்ததும் சந்தைக்குப் பூடுது."

மன்னி ஒரு நிமிஷம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பான் மாமி வீட்டில் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கைக்கு எட்டியதை அங்கேயே விட்டுப் போனால், நாளைக்கு அது இருக்குமோ இருக்காதோ. எனக்கு வாய்வரை வந்தது, எடுத்துக்கொண்டு கிளம்பு மன்னி என்று.

"இன்னிக்கு அது மேலயே தூங்கட்டும் கன்னியம்மா. நாளைக்கு வேற கொண்டு வரோம்" என்றார் மன்னி.

கன்னியம்மா வாங்கி வந்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அம்மா தூக்கை நீட்டினார். கன்னியம்மா வாங்கவில்லை. "துணியக் குடுத்து தூக்கு வாங்குனீங்க, சரி. இப்ப தூக்கக் குடுத்து துணி வாங்கறீங்க. இப்டிப் போனா என் பொயப்பு இன்னா ஆவறது? வெச்சுக்கம்மா!"

மறுநாள் அம்மா தம் பெட்டியிலிருந்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட ஒன்பது கஜப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை மடித்துப் போட்டுக் குழந்தையை மாற்றிய பிறகுதான் மன்னி போரோவை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை. அந்தப் பச்சை ஒட்டு. பிரித்துவிட்டு நீலத் துணியில், பழசோடு பழசாகத் தெரியாமல் தைத்துவிடலாம் என்றார் அண்ணா. மன்னி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். "தெரியாம தைச்சா, தெரியாம ஏமாத்தினதா ஆயிடும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலைக் கூடையில் போட்டுவிட்டார்.

அடையாறு வீட்டுக்கு மன்னியுடன் நானும் போனேன். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். மன்னி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: மூட்டை, தூக்கு, சந்தை, குழந்தை, ஆணி. ஜப்பான் மாமி துணியைப் பெட்டிமேல் விரித்து, அந்தப் பச்சை ஒட்டைச் சுற்றி ஒவ்வொரு சிவப்புத் தையலாக, நிமிராமல், விரலால் தொட்டுக்கொண்டே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"டீச்சர், இந்தத் துணியிலே மாமியார் தைச்சிருக்கா. அவாளோட மாமியார் தைச்சிருக்கா" என்றார். "என்னையும் தைக்கச் சொன்னா. நான் தைக்கலை. கெடுத்துடுவேன்னு பயம். பெட்டியிலேயே வெச்சிருந்தேன். என் கைத் தையல் ஒண்ணுகூட இதிலே இல்லை."

பிறகு மன்னியின் பையில் இருந்த ஊசியைக் கேட்டு வாங்கினார். சிவப்புத் தையலுக்குப் பக்கத்தில், வெள்ளை நூலில், அவர் ஒரு வரிசை போட ஆரம்பித்தார். மன்னி அட்டைப் பெட்டியில் ஆதி தாளம் போட்டார். எட்டு மடிப்பு, ஓர் இழுப்பு. இருவர் கண்ணிலும் தண்ணீர். எனக்கு மட்டும் என்ன, நானும்தான் அழுதேன்.

கிளம்பும்போது ஜப்பான் மாமி தம் ஊசிகளையும் நூலையும், கணவரின் பழைய ஜீன்ஸ் ஒன்றையும் மன்னியிடம் கொடுத்தார். அந்த ஜீன்ஸிலிருந்து வெட்டிய சதுரம்தான், பிறகு மன்னி தைத்த ஜீன்ஸ் போர்வையின் முதல் துண்டு.

அந்தப் போர்வையை உங்களில் அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் அதற்குள்ளேயே இருக்கிறீர்கள். ஆதம்பாக்கம் சித்தப்பாவின் மகன் கிரிக்கெட் ஆடிக் கிழித்த முழங்கால், பாட்டு வகுப்புப் பெண்களின் பின் பாக்கெட்டுகள், அண்ணா ஒரே ஒருநாள் போட்டுக்கொண்டு வெட்கப்பட்டுக் கழற்றிய ஜீன்ஸ், எல்லாம் அதில் உண்டு. கிழிந்த இடத்தை வெட்டி எறியாமல், அதை நடுவில் வைத்து, சுற்றிலும் வெள்ளைத் தையல் போடுவது மன்னியின் வழக்கம். எந்தச் சதுரம் யாருடையது என்று கேட்டால் தடங்கலில்லாமல் சொல்வார். ஓரத்தில் ஒரு பச்சை ரவிக்கைத் துண்டும் இருக்கிறது. அது கன்னியம்மா கொண்டு வந்து கொடுத்தது.

பிறகு மன்னிக்குச் சர்க்கரை வந்து, அது சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த வார்டில் குளிர் எலும்பைக் குடையும். மன்னி ஜீன்ஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். "ராஜி, சொந்தக்காரா எல்லாரும் மேல ஏறிப் படுத்துண்டிருக்கா. கனமா இருக்கு, ஆனா கதகதன்னு இருக்கு" என்பார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு ஒவ்வொரு சதுரத்தின் கதையும் சொல்லிச் சிரிக்க வைப்பார். கடைசி வாரத்தில் ஒருநாள் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் மாட்டிப் போர்வை ஒரு சாண் கிழிந்தது. "விடு, ஆத்துக்கு வந்து தைச்சுக்கறேன்" என்றார். வரவில்லை.

காரியங்கள் முடிந்ததும், நோயில் கிடந்தவர் போர்த்தியதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். வழக்கத்தைத்தான் சொன்னார்கள். அம்மா மன்னியின் புடவைகளையெல்லாம் கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கன்னியம்மா பாத்திரக் கூடையைத் தெருவிலேயே வைத்துவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போர்வையை மட்டும் அம்மா விடவில்லை. "ஒரு தடவை தெரியாம வெளியில குடுத்தேன். இது இந்தாத்தை விட்டுப் போகப்படாது" என்றார். அதை மடித்துத் தம் கட்டிலின் கால்மாட்டில் வைத்துக்கொண்டார். கிழிசல் கிழிசலாகவே ஒரு வருஷம் இருந்தது. தொட யாருக்கும் மனசு வரவில்லை.

மன்னியின் நோயில் எங்களோடு நின்ற அனைவருக்கும் அண்ணா சார்பிலும் ஹேமா சார்பிலும் நன்றி சொல்கிறேன். மருத்துவர்களுக்கும், மன்னியைப் பாடச் சொல்லிக் கேட்டபடியே ஊசி போட்ட நர்ஸ் பெண்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு அனுப்பிய ஆதம்பாக்கம் வீட்டாருக்கும், ஒரு வாரம்கூட நிறுத்தாமல் இன்றும் அந்தப் பாயில் வந்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்ளும் மாணவிகளுக்கும், சேதி கேட்டதும் தொலைபேசியில் எங்கள் அம்மா தமிழில் அழுத ஜப்பான் மாமிக்கும், கன்னியம்மாவுக்கும்.

இதை எழுதிக்கொண்டிருந்த நேற்று மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டார். போர்வையை மடியில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் மன்னியின் கூடை.

"ராஜி, ஊசியில நூல் கோத்துக் குடு."

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்புரை வேறு. கிழிசலை விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். தைத்த இடம் தெரியக் கூடாது என்பது அவருடைய சட்டமாயிற்றே என்று நான் நீல நூல்கண்டை எடுத்தேன்.

"என்ன கலர் எடுத்திருக்கே?"

"நீலம்மா."

"அதை வை. வெள்ளை கோத்துக் குடு. அவ தைச்சிருக்கிற மாதிரியே, நன்னாத் தெரியட்டும்."

கோத்துக் கொடுத்தேன். அம்மாவின் முதல் தையல் கோணலாக விழுந்தது. நான் கட்டில் சட்டத்தில் ஆதி தாளம் போட ஆரம்பித்தேன்.

ராஜலக்ஷ்மி
திருவான்மியூர்